ஆக்கும்

நவசந்நியாசத்தின் முதல் வாரம், திருச்சியில்,
சாப்பாட்டு அறையில் வாய் தவறிச் சொன்னேன்:
"கடவுள் இருக்காராக்கும்."
பதினோரு பேர் சிரித்தார்கள்.
அருப்புக்கோட்டைக்காரி பெர்பெத்துவா விளக்கினாள்:
அவர்கள் பக்கம் அந்த வாலை ஒட்டினால்
'இருப்பார் போல, யார் கண்டது' என்று அர்த்தம்.
எங்கள் குறும்பனையில் அது ஆணி.
மீன் விலை, சாவுச் செய்தி, தகப்பன் பெயர்
எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் அறைவோம்.
நானாக்கும். இதாக்கும்.
செத்தது அவனாக்கும்.

அன்றே வாலை நறுக்கிக்கொண்டேன்.

பிறகு எட்டு வருடம். இரண்டு வார்த்தைப்பாடு.
பெங்களூரில் இறையியல்;
எபிரேய எழுத்தின்மேல்
வலமிருந்து இடம் ஊர்ந்த விரல்.
உண்மைக்கு அங்கே எமெத் என்று பெயர்.
ஆமெனும் அதே வேரில் முளைத்ததாம்.
அதைக் கேட்ட மதியம் கை நடுங்கியது.
பக்தியால் அல்ல.
வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே
எத்தனை தடவை அந்தச் சொல்லைத் துப்பியிருப்பேன்
என்று கணக்குப் பார்த்ததால்.

வாய்மொழித் தேர்வில்
பிலாத்து கேட்டதையே என்னிடமும் கேட்டார்கள்.
நான்கு ஆசிரியர்களை மேற்கோள் காட்டினேன்.
தொண்ணூற்றொன்று போட்டார்கள்.
பிலாத்துக்கு முன் நின்றவர்
ஒன்றும் சொல்லவில்லை என்பது
பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது.

இப்போது கடியபட்டணத்தில் இருக்கிறேன்.
காலை செபம் ஐந்தேகாலுக்கு.
மின்சாரம் போனால் மனப்பாடமாய்ச் சொல்லச் சொல்வார்
தலைவி லெயோனில்லா.
உதடுகள் முன்னே போகும்,
நான் ஏதோ ஒரு வரியில் பின்தங்கி நிற்பேன்.
பச்சை அட்டை நோட்டில்
இடப்பக்கம் கேள்விகள்,
வலப்பக்கம் விடை வந்தால் எழுத.
பதினேழு தாள்களில் வலப்பக்கம் வெள்ளை.
ஒன்றில் மட்டும் மெழுகு சொட்டியிருக்கிறது.
அதையே விடை என்று நம்ப
ஒருநாள் முயன்றும் பார்த்தேன்.

நேற்று நற்கருணைச் சிற்றாலயத்தில்
எனக்கு முன்பே புஷ்பலீலா.
மீன் சருவம் வாசலில்;
காவல் காப்பதாய்ப் பாசாங்கு செய்தது ஒரு பூனை.
முழங்காலில் இருந்தபடியே திரும்பி
இடுப்பிலிருந்து ஒரு தாளை உருவினாள்.
"இதில எளுதியிருக்கது உள்ளதா, சிஸ்டரே?
பத்துப் பொம்பளையளு சேந்து எடுத்த லோணு.
வட்டி பன்னெண்டுன்னு அவன் சொன்னான்."

உள்ளதா.
இந்தக் கரையில் உண்மைக்கு அதுதான் பெயர்,
எது இருக்கிறதோ அது.
நான் மூன்று செமஸ்டர் சுற்றிவந்த இடத்தில்
செதில் ஒட்டிய விரலோடு நின்றுகொண்டிருந்தாள்.

அணையா விளக்கின் கீழே தாளைப் பிடித்தேன்.
பொடி எழுத்து. அடிக்குறிப்புக்குள் அடிக்குறிப்பு.
இந்த மாதிரி எழுத்தில்தான் கெட்டது என் கண்.
மூன்றாம் வாசிப்பில் அகப்பட்டது.
"இருபத்தாறாக்கும், அக்கா."

நறுக்கிய வால் முளைத்திருந்தது.

அவள் அழவில்லை.
தாளை நான்காய் மடித்தாள்.
"ஞாயித்துக்கெளம கூட்டத்தில இதச் சொல்லணும்.
நீங்களும் வரணும்."
பேழையைப் பார்த்து
கேட்டீரா என்பதுபோல் ஒரு தலையசைப்பு.
பூனையை விரட்டிவிட்டு
சருவத்தைத் தலையில் ஏற்றிப் போனாள்.

நோட்டைத் திறந்து
வலப்பக்கத்தில் 26 என்று எழுதினேன்.
எந்தக் கேள்விக்கு எதிரே என்று பார்க்கவில்லை.

இரவு செபம் முடிந்து எல்லாரும் போனபின்
பாறையில் கடல் முட்டும் சத்தம்,
காதோரம் கொசு,
பாதித் தூக்கம்.
இருக்கிறீராக்கும், என்றேன் மெல்ல.
குறும்பனைப் பொருளிலா
அருப்புக்கோட்டைப் பொருளிலா
எனக்கே பிடிபடவில்லை.
ஆமென் சொல்லாமல்
கொஞ்சநேரம் இருந்தேன்.